இடையில் நாற்பது

எஃப் முந்நூறு என்றால் இயற்பியல்.
எஃப் முந்நூற்று நாற்பது, கோட்பாட்டு இயற்பியல்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்,
ஒன்றில்தான் டிக் போடலாம்,
வெள்ளி மாலை நான்கு மணிக்குள்.

பெல்ஃபாஸ்டில் அந்த வாரம் முழுக்க மழை.
மேலிருந்து அல்ல, பக்கவாட்டில்.

அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
காலை ஆறரைக்கு, புருவத்தில் மாவோடு வந்து
"வித்தியாசம் என்ன, ஓர்லா?" என்றார்.
"இதுல ஆய்வகம் உண்டு. அதுல கிடையாது.
அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கணக்கு."
"சம்பளம்?"
"தெரியாதுப்பா."
தேநீரை ஊதினார்.
"அப்ப கணக்கையே எடு. கழுவிவைக்க ஒண்ணும் இருக்காது"
என்று தூங்கப் போய்விட்டார்.

எனக்குக் கை சரியில்லை, அது உண்மை.
முதல் பருவத்தில் நான் உடைத்தவை
ஒரு வெப்பமானி, இரண்டு ஃபியூஸ்,
ஊசல் ஆய்வன்று கீலனின் பொறுமை.
புவியீர்ப்பு முடுக்கம்
வகுப்பில் எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு.
எனக்குப் பத்து புள்ளி நான்கு.
என் மேசைக்குக் கீழே மட்டும்
பூமி கொஞ்சம் கனம்.

காகிதத்தில் நான் வேறு ஆள்.
அங்கே நூலுக்கு எடை இல்லை,
கப்பிக்கு உராய்வு இல்லை,
காற்று மரியாதையாக வெளியே நிற்கும்.
இருபுறமும் அடித்து அடித்து
கடைசியில் ஒரே ஓர் எழுத்து மிஞ்சும்போது
பின்கழுத்தில் மயிர் சிலிர்க்கும்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

கீலன் தொட்டால்
திருகாணி சொன்னதைக் கேட்கும்.
"நீ போயிட்டா எண்களை யார் எழுதுவா?" என்றான்
புதன்கிழமை, இருட்டறையில்.
சோடியம் விளக்கு சூடேறக் காத்திருந்தோம்.
முதலில் இளஞ்சிவப்பு,
பிறகு மெல்ல மெல்ல
தெருவிளக்கின் அந்த மஞ்சள்.

பிளவைக் குறுக்கினான்.
தொலைநோக்கியை மயிரிழை நகர்த்தினான்.
மூச்சை அடக்கி, விலகி, "பார்" என்றான்.

இரண்டு கோடுகள்.

நடுவில் ஒரு நூலளவு கருப்பு.
பாடத்தில் படித்திருந்தேன்,
தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன்.
தெரிந்த ஒன்று
இருக்கவும் செய்கிறது என்பது வேறு செய்தி.

இமை பட்டு வில்லை மங்கியது.
துடைக்கப் போய், தொடக்கூடாத திருகாணியைத் தொட்டேன்.
இருட்டு.
கீலன் கெட்ட வார்த்தை ஒன்றை
மெதுவாக, அன்பில்லாமல் இல்லை, சொன்னான்.
மறுபடி பிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

அவனுக்கு வேண்டியது எவ்வளவு தூரம் என்பது,
எனக்கு வேண்டியது ஏன் இரண்டு என்பது,
அதனால்தான் பிரிந்தோம் என்றால்
கேட்க அழகாக இருக்கும்.
நடந்தது அதுவல்ல.
அவன் திருகிக்கொண்டிருந்த இருபது நிமிடமும்
கைபேசி வெளிச்சத்தில் குறிப்பேட்டின் ஓரத்தில்
எதையோ கிறுக்கியிருக்கிறேன்.
"கிடைச்சிருச்சு, வா" என்று அவன் கூப்பிட்டது
மூன்றாம் முறைதான் காதில் விழுந்தது.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
அதைச் சொன்ன குரல் எனக்கே புதிது.

வெள்ளி, மூன்று ஐம்பது.
அலுவலக அம்மாள் சிப்ஸ் தின்றபடி
படிவத்தை வாங்கினாள், பார்க்கவில்லை.
உப்பு விரலால் அடுக்கில் வைத்தாள்.
அந்த நாற்பது அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருநாள்
ஆய்வகக் கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தேன்.
கீலன் பக்கத்தில் வேறொரு பெண்.
அவள் கைகள் நடுங்கவில்லை.
எண்களை அவளே எழுதிக்கொண்டிருந்தாள்.
தட்டலாம் என்று நினைத்து
தட்டாமல் வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் எல்லா விளக்கும்
வெள்ளை எல்இடி ஆகிவிட்டது.
ஆற்றோரம் ஒன்றே ஒன்று
மாற்ற மறந்து நிற்கிறது.
நள்ளிரவில் அதன் கீழே நின்று
கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன்.
மழைக்குள் ஒரே மஞ்சள்.
எத்தனை சுருக்கினாலும் ஒரே மஞ்சள்.

இரண்டு.
எனக்குத் தெரியும்.